அக்கா பையில் இருந்த மைக்கறை

அந்தச் சமையலறையில் சமையல் நடக்கிறது என்று கோர்ட்டில் சத்தியம் செய்தாலும் எந்த நீதிபதியும் நம்பமாட்டார். அடுப்புக்கு இந்தப் பக்கம் பத்தொன்பதாயிரம் சாயக் குப்பிகள். எண்ணியது வீட்டுக்காரர், அவர் எதையும் குறைத்தே சொல்லும் சுபாவம் உள்ளவர். அடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்பிரிட், அசிட்டோன், பஞ்சுப் பொதி, எமரித் தாள், பணி ஓய்வு பெற்ற பல் பிரஷ்கள். உப்பு எங்கே என்று கேட்டால், "பிரவுன் நாலுக்குப் பின்னாடி பாருங்க" என்று பதில் வரும். ஜன்னலோரக் கொடியில் துணி காய்வதில்லை. கைப்பைகள்தான், வயிற்றில் காகிதம் திணிக்கப்பட்டு, வாயைப் பிளந்தபடி வரிசையாகத் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ விபத்து நடந்த இடம் என்று நினைத்து ஓரடி பின்வாங்குவார்கள்.

இந்த ராஜ்ஜியத்தை ஆண்டவள், தெருவே ‘பைக்காரம்மா’ என்று கூப்பிட்ட அறுபத்துநாலு வயதுக்காரி. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நமக்கெல்லாம் வெள்ளை என்றால் ஒரே வெள்ளை. அவளுக்கு வெள்ளையில் பதினாறு உண்டு. எதிரே நிற்பவர் இழவுச் செய்தி சொன்னாலும் சரி, கல்யாணச் செய்தி சொன்னாலும் சரி, அவர் முன்பல் எத்தனையாம் நம்பர் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டுதான் அடுத்த பேச்சுக்கே போவாள். அந்தக் கண் சும்மா இருக்குமா? பல்லை விட்டதும் தோலைப் பிடித்துக்கொண்டது.

வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, பரணில் பத்து வருடம் கிடந்து கருவாடாகிப்போன பைகளை ஊரெல்லாம் அவளிடம் கொண்டுவந்து கொட்டியது. அவளுடைய வேலை முறை ஒன்றுதான். கைப்பிடியைத் தைத்திருக்கும் மடிப்பைப் பிரித்தால், அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தோல் இருக்கும். வெயிலோ விரலோ படாத தோல். பை பிறந்தபோது என்ன நிறமோ அதே நிறத்தில் அது ஒளிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அவள் சாயம் கலப்பாள். ஈரத்தில் சாயம் பொய் சொல்லும். காய்ந்த பிறகுதான் உண்மை பேசும். அதனால் ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து, பகல் பதினொரு மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பாள். ஒரு இழை பிசகினாலும் மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி.

ஒருமுறை ஒரு டீச்சர் தன் பையைத் திரும்ப வாங்க வந்து, "இது என்னுது இல்லைங்க, மாத்திக் குடுத்துட்டீங்க" என்று சண்டைக்கே நின்றுவிட்டாள். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த மிகப் பெரிய பட்டம் அதுதான் என்று பைக்காரம்மா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஊர்ப் பைகளுக்கெல்லாம் புத்துயிர் கொடுத்தவளின் தோளில் தொங்கியதோ, உலகத்திலேயே அவலட்சணமான பை. ஒரு காலத்தில் சிவப்பு. இப்போது பழைய செங்கல். ஒரு மூலையைப் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி மென்றிருந்தது. முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மைக்கறை, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தீவைப்போலப் படர்ந்திருந்தது.

அது அக்காவின் பை. அக்கா முதல் சம்பளத்தில் வாங்கியது. வாங்கி நாலாவது நாள், பல்செட் கூடத்து இன்டர்வியூவுக்குப் போன தங்கை அதைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போனாள். பேனா உள்ளே கக்கி, மை வெளிப்பக்கம்வரை ஊறிவிட்டது. வேலை கிடைத்தது, பையின் முகம் போனது. அக்கா மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், பையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "இதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு உறுத்தணும், நீயே சுமந்துக்கிட்டு திரி" என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தொரு வருடமாக இவளும் சுமந்துகொண்டு திரிந்தாள். உறுத்தியதா என்றால், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதையே மாட்டிக்கொண்டு போனாள் என்பதைத் தவிர வேறு சாட்சியம் இல்லை.

எழுபது வயதில் அக்காவுக்கு ஞாபகம் உதிர ஆரம்பித்தது. புருஷன் செத்தது மறந்தது. வெளியூரில் இருக்கும் மகளின் குரல் மறந்தது. சாப்பிட்டோமா என்பது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மறந்தது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில், மாடியில், தோட்டத்தைப் பார்த்த அறை ஒன்றில் அவளைச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் தங்கை போவாள். நுழைந்ததும் அக்காவின் கண் முதலில் தோளுக்குப் போகும். அங்கிருந்து மெல்ல முகத்துக்கு ஏறும். ஏறியதும் உள்ளே எங்கோ ஒரு சுவிட்சைப் போட்டதுபோல முகம் எரியும்.

"வந்துட்டாளா திருடி?"

"வந்துட்டேன்க்கா."

"என் பைய என்ன கதியாக்கி வெச்சிருக்கா பாரு. ரெண்டு மாசம் கடைக் கண்ணாடிய வெறிச்சு வெறிச்சுப் பாத்து வாங்கின பைடி அது."

"ஒரு இன்டர்வியூக்குத்தானேக்கா எடுத்தேன்."

"நாப்பத்தோரு வருஷமா நடக்குதாடி உனக்கு இன்டர்வியூ?"

கணக்கு மட்டும் பிசகாது. கூட இருக்கும் பணிப்பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் தலையணை உறையை மாற்றுவதுபோல் திரும்பிக்கொள்வாள். "வாரம் பூரா வாயே திறக்க மாட்டாங்கம்மா. உங்களத் திட்டத்தான் சேத்து வெக்கிறாங்க போல" என்பாள். தங்கையின் பெயரைக் கேட்டால் அக்காவுக்குத் தெரியாது. என்ன உறவு என்றால், "திருடி" என்பாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது பைக்காரம்மாவுக்கு வயது இருபத்துமூன்றாகிவிடும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்களை, என்னமோ தன்னை அவமானப்படுத்திவிட்ட மாதிரி முறைப்பாள்.

ஒரு புதன்கிழமை அக்கா திட்டவில்லை. பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினாள்.

"வாங்கினப்ப எப்படி இருந்துச்சு தெரியுமாடி இது?"

"தெரியும்க்கா."

"ஒரே ஒரு தடவை அப்படிப் பாத்துட்டாப் போதும்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அக்கா எதற்கும் கெஞ்சி இவள் பார்த்ததில்லை. ஊரார் பையையெல்லாம் பிறந்த நிறத்துக்குக் கொண்டுவந்தவள், இதை மட்டும் ஏன் தொடாமல் விட்டோம் என்று பஸ்ஸில் வரும்போதே தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே மடிப்பைப் பிரித்தாள். அடியில், மாதுளையைப் பிளந்ததுபோல் ஒரு சிவப்பு. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று பருப்பைத் தீயவிட்டாள்.

மைதான் மல்லுக்கு நின்றது. நாற்பத்தொரு வருட மை தோலுக்குள் குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்திருந்தது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியைத் தேய்க்காமல், உருட்டி உருட்டி, ஒன்பது நாள் ஒற்றியெடுத்தாள். தேய்த்தால் பரவும். பிறகு அசிட்டோனால் பழைய பூச்சை உரித்து, எமரித் தாளால் வருடி, நாய் மென்ற மூலையைப் பசைமாவால் நிரப்பினாள்.

"அந்த மூலையாவது அப்படியே இருக்கட்டுமே" என்றார் வீட்டுக்காரர். அவள் கணவர், லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓடுகிற எதையும் கழற்றக்கூடாது என்பது அவர் கொள்கை.

"அரைகுறையா விட்டா அதுக்குப் பேரு வேலையாங்க?"

ஏழு பூச்சு. பஞ்சால் ஒற்றி, ஹேர் டிரையரில் காயவைத்து, மேலே பாதுகாப்புக்கு ஒரு மெருகு. முடித்து ஜன்னலில் வைத்தபோது, எதிர்வீட்டுக்காரர்கள் கண் கூசித் திரைச்சீலை போட்டுக்கொண்டதாக அவளே ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டாள்.

புதன்கிழமை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலைகால் புரியாமல் மாடிப்படி ஏறினாள்.

அக்காவின் கண் வழக்கம்போல முதலில் தோளுக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு முகத்துக்கு ஏறியது. எதுவும் எரியவில்லை.

"வாங்க" என்றாள் அக்கா. "யாரைப் பாக்கணும்?"

"அக்கா, நான்தான்."

"டாக்டர் அனுப்பிச்சாரா?"

"பையப் பாருக்கா. உன் பை. நீ வாங்கினப்ப இருந்த மாதிரியே."

மடியில் வைத்தாள். அக்கா ஓரத்தை வருடினாள். நாய் கடித்த மூலை இருந்த இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"ரொம்ப நல்லாருக்குங்க. புதுசா?" என்று இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "பத்திரமா வெச்சுக்கோங்க. எங்க வீட்ல ஒருத்தி இருக்கா. கண்ணுல பட்டா எடுத்துட்டுப் போயிடுவா."

பணிப்பெண் திரும்பிக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை. அக்கா, அக்கா என்று இவள் நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். யாரோ ஒருத்தி உறவு சொல்லி நெருங்குவதைப் பார்த்துப் பயந்து, அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அன்று பைக்காரம்மா பஸ்ஸில் இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு அந்தச் சமையலறையில் நடந்தது தோல் வரலாற்றிலேயே நடக்காத கூத்து. பழசைப் புதுசாக்குவதில் பேர் வாங்கியவள், புதுசைப் பழசாக்க உட்கார்ந்தாள். எந்தப் பையையும் தொடுமுன் போட்டோ எடுத்துவைப்பது அவள் வழக்கம். அந்தப் போட்டோவை எதிரே ஒட்டிவைத்து, ஒரு பேனாவை உடைத்து, தீவை அதே வளைவுகளோடு வரைந்தாள். மை நிற்கவில்லை. அவள் போட்ட மெருகு அவ்வளவு உசத்தி. ஈரத்துணி பட்டதும் வழித்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெருகை உரித்தாள். மறுபடி மை. மூலையைச் சுரண்டினாள். வெயிலில் போட்டாள். எண்ணெய்க் கையால் தடவினாள்.

"வேர்வை படணும்ங்க. தினம் ஒருத்தர் தோள்ல தொங்கணும்" என்றாள்.

வீட்டுக்காரர் மறுநாளிலிருந்து காலை நடைக்கு அதை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அறுபத்தெட்டு வயசு மனுஷன், வழுக்கைத் தலை, மாதுளைச் சிவப்பில் கைப்பை. பூங்காவில் அவருடைய சகாக்கள் மூச்சுப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள்.

"என்னப்பா, பொம்பளப் பை?"

"ஆமா. பழகிக்கிட்டிருக்கு" என்றார். யாருக்கும் விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மைக்கு வயது மூன்று வாரம் என்று அவள் கண் சொன்னது. ஊதாவும் பழுப்புமாய் மங்க வேண்டியது, பளிச்சென்று நீலமாய் நின்றது. பதினாறு வெள்ளை தெரிந்த கண். அதை ஏமாற்ற முடியவில்லை. அக்காவின் கண் அவ்வளவு கூர்மையாக இருக்காது என்று நினைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டு போனாள்.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தாள். அக்கா பையைப் பார்த்தாள்.

"அடடா, மை கொட்டிடுச்சே" என்று, போர்வைக்கு அடியிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். "குடுங்க. உடனே தொடச்சா போயிடும்." குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். கறை கொஞ்சமும் அசையவில்லை. "போகலீங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கும் உங்களுக்கு."

இத்தனை வருடத்தில் அக்கா இவளிடம் இவ்வளவு இதமாகப் பேசியதில்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள் அக்கா, துடைப்பதை நிறுத்தாமல். "புதன்கிழமைன்னா வந்துடுவா. இப்ப வர்றதே இல்ல."

"ஏன் வர்றதில்லையாம்?"

அக்கா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரொம்பத் திட்டிட்டேன் போல. எனக்கு வாய் அப்படி."

"கோவமெல்லாம் இருக்காதுங்க" என்றாள் தங்கை. அந்த ‘ங்க’ அவள் தொண்டையில் முள்ளாய்க் குத்திக்கொண்டு வெளியே வந்தது.

"உங்களுக்கு அவளத் தெரியாது. ரோஷக்காரி. ஒரு தடவை மூணு மாசம் பேசாம இருந்தவ."

மூணு மாசம் பேசாமல் இருந்தது யார் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. வேறு சமயமாக இருந்தால் அதற்கு ஒரு சண்டை, அந்தச் சண்டைக்கு இன்னொரு சண்டை என்று பொழுது போயிருக்கும். விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க சொன்னா வருவாளா?" என்று கேட்டாள் அக்கா.

"சொல்லிப் பாக்கறேன்."

"வரட்டும். இன்னும் நாலு திட்டு பாக்கி வெச்சிருக்கேன்."

நடைபாதையில் டீ வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பையை இவள் கையில் கொடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா? இங்க ஒரு நாற்காலிதான் இருக்கு. அவ வந்தா உட்காரணும்."

தங்கை எழுந்தாள். அக்கா கைக்குட்டையின் காய்ந்த பக்கத்தால் நாற்காலியை ஒருமுறை துடைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பணிப்பெண் உள்ளே வந்தாள். "ஏம்மா நிக்கிறீங்க? நாற்காலி காலியாத்தானே கிடக்கு, உக்காருங்க."

பைக்காரம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"இல்லம்மா. அதுல உட்கார ஆள் வருது" என்றாள்.