நூற்று மூன்று தலைகள்

"நீ ஏம்மா படிப்ப நிறுத்துன?" என்று அவர் என்னைக் கேட்டார்.

கேட்டவர் எங்கள் நகராட்சித் தலைவர். அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட வேலை, அதில் கடைசிப் பதினொரு வருடம் தலைமை ஆசிரியர். பதவி மாறினாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் ஹெச்.எம்.தான். எனக்கும் அப்படித்தான். என் படிப்பை நிறுத்தியவரே அவர்.

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தெரியாதவர் தெரிந்துகொள்ளப் பார்க்கிற பார்வை. அதில் துளி நடிப்பு இல்லை. நடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

"அவ வாயத் திறக்க மாட்டா சார். நீங்க நாள் பூரா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுவா," என்று அக்கா எனக்காகப் பதில் சொன்னார். "குடும்பச் சூழ்நிலைதான். வேறென்ன."

"அதான பாத்தேன்," என்றார் ஹெச்.எம். "எல்லாம் ஒரே கதைதான்."

அக்கா எங்கள் அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். அலுவலகம் என்றால் பழைய தபால் நிலையத்தின் மாடியில் இரண்டு அறைகள், ஒரு நீள மேஜை, காகிதத்தைக் கடித்துத் துப்புகிற ஒரு ஜெராக்ஸ் இயந்திரம். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களும் சேர்ந்து நடத்துகிற சேவை அமைப்பு இது. நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இரண்டு வேன்கள், ஊர் ஊராகப் போகும் ஒரு நூலக வண்டி, ஒரு தையல் வகுப்பு. ஒன்பது ஊர்த் தலைவர்களும்தான் நிர்வாகக் குழு. நான் அங்கே டைப் அடிக்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலர் போடுவோம். அதில் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பக்கம். எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எப்படிப் பொதுவாழ்வுக்கு வந்தார். அவர்கள் எழுதி அனுப்புவார்கள், நான் அடிப்பேன். ஒன்பது பேருடைய வாழ்க்கையும் என் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். லாரி ஆபீஸ் வைத்திருந்தவர், போக்குவரத்துத் துறையில் நெடிய அனுபவம் கொண்டவர் ஆகிவிடுவார். சாலை கான்ட்ராக்டர், சாலை மேம்பாட்டில் தணியாத ஆர்வம் உடையவர் ஆகிவிடுவார். அவர் போட்ட சாலையில்தான் நான் தினமும் நடந்து வருகிறேன். அந்த ஆர்வத்தை என் செருப்பு வாரைக் கேட்டால் தெரியும்.

ஒருவர் மட்டும் இரண்டே வரி எழுதி அனுப்பியிருந்தார். "அரசு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் நர்ஸ். பிறகு மக்கள் ஓட்டுப் போட்டார்கள்." அவர் ஆற்றங்கரை ஊரின் ஊராட்சித் தலைவி. இன்னும் கொஞ்சம் எழுதித் தரும்படி அக்கா போனில் கெஞ்சியபோது, "வேற என்னத்தப் பண்ணிக் கிழிச்சேன்? ஊசி போட்டேன், பெட்ஷீட் மாத்துனேன். அத எழுதுவியா?" என்று கேட்டாராம்.

அச்சுக்குப் போகுமுன் எல்லாப் பக்கங்களையும் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். இது இரண்டு வருடத்துக்கு முன் வந்த விதி. அந்த வருட மலரில் உயிரோடு இருக்கும் ஒரு தலைவரின் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று அச்சாகிவிட்டது. அவர் நேரே அலுவலகத்துக்கு வந்து, "நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து, அக்கா வாசிப்பார், தலைவர் "சரி" என்பார், அதற்குப் பிறகுதான் அச்சு.

ஹெச்.எம். எழுதி அனுப்பவில்லை. நேரில் வந்து சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். காரணம் இருந்தது. இந்த வருடம் அமைப்பு ஒரு புதுத் திட்டம் தொடங்குகிறது. பாதியில் நின்றவர்களைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற திட்டம். அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். யார் படிப்பைத் தொடரத் தகுதியானவர் என்று அந்தத் தலைவர்தான் கையெழுத்துப் போடுவார். ஆசிரியராக இருந்தவர் ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான். மலரின் அட்டையில் அவர் ஒரு பெண்ணுக்குப் புத்தகப் பை கொடுக்கிற படம் வரும். அந்தப் பெண் நான்.

"உனக்கும் நல்லதுதானடி," என்று அக்கா சொன்னார். "திட்டத்துல மொத ஆளா உன் பேரச் சேத்துடறேன். பரீட்ச எழுதிடலாம். சும்மா சிரிச்சிக்கிட்டு நின்னாப் போதும்."

படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. அதனால்தான் அன்று தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் ஜன்னல் ஓரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி சொன்னார். "மாணவர் நலனே மூச்சாக வாழ்ந்தவர், கமா, இவர் தலைமையில் பள்ளி தொடர்ந்து ஏழு ஆண்டுகள் நூறு சதவீதத் தேர்ச்சி கண்டது, முற்றுப்புள்ளி. ஒரு மாணவரைக்கூட இவர் கைவிட்டதில்லை, முற்றுப்புள்ளி."

அந்த முற்றுப்புள்ளியை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அவருடைய அறையில், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். எனக்குக் கணக்கில் பத்தொன்பது மதிப்பெண். என்னைப் போல இன்னும் பத்துப் பேர். ஒவ்வொருவருடைய அம்மாவையோ அப்பாவையோ தனித்தனியாகக் கூப்பிட்டார். என் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே கேட்டாள்.

"பொதுத்தேர்வுல பெயிலானா வாழ்நாள் பூரா அது கூடவே வரும்மா," என்றார். "இப்பவே டி.சி. வாங்கிட்டா கௌரவமாப் போயிடும். அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாம். நானே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டினார். "நான் சொல்றத எழுது. குடும்பச் சூழ்நிலை காரணமாக, கமா, என் மகள் படிப்பைத் தொடர இயலாததால், கமா, என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுக்கொள்கிறேன், முற்றுப்புள்ளி."

எழுதினேன். "கையெழுத்து முத்து முத்தா இருக்கே," என்று பாராட்டினார். அம்மா கீழே தன் பெயரை எழுதினாள். என்னை நானே வெளியே அனுப்பிக்கொண்ட கடிதம் அது. மற்ற பத்துப் பேரையும் நீக்கிவிட்டு, மிச்சம் இருந்தவர்களைத் தேர்வுக்கு அனுப்பி, நூறு சதவீதம் வாங்கினார். அடுத்த வருடம் அந்த ஃபாரத்தில் கையெழுத்து வாங்க நானும் அம்மாவும் நாலு முறை போனோம். அவர் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அம்மா, "சார் நம்ம நல்லதுக்குத்தான் சொன்னாரு" என்பாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவள்மேலும் கோபம், அந்தத் தாளில் அழகாக எழுதிய என் கைமேலும் கோபம்.

சொல்லி முடித்ததும் ஹெச்.எம். தன் ஃபைலிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இதையும் என் பக்கத்துல போடு. நான் கடைசியா ஹெச்.எம்.மா இருந்த பேட்ச். தேர்வு எழுதுன தொண்ணூத்திரண்டு பேரும் பாஸ்னு கீழ போட்டுடு." அப்புறம்தான், போகிற போக்கில், படிப்பை ஏன் நிறுத்தினேன் என்று கேட்டார்.

அவர் போன பிறகு படத்தைப் பார்த்தேன். எங்கள் பத்தாம் வகுப்பு, எல்லாப் பிரிவும் சேர்ந்த படம். வகுப்பு தொடங்கிய வாரம் மரத்தடியில் பெஞ்சு போட்டு எடுத்தது. மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஆறாவதாக, கண்ணை மூடிக்கொண்டு நான் நிற்கிறேன். என் பக்கத்தில், என்னோடு நீக்கப்பட்டவள், எலி என்று நாங்கள் கூப்பிடும் பெண். அவள் இப்போது செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவுகிறாள், விரல் ரேகை தேய்ந்து போய்விட்டது. கடைசி வரிசையில் கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த நெட்டையன். கீழே உட்கார்ந்திருப்பவர்களில், பதினாறு வயதில் கட்டிக்கொடுத்துவிட்ட பாட்டுக்காரி.

நடுவில் இருந்த ஹெச்.எம்.மை விட்டுவிட்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். நூற்று மூன்று. திரும்பத் திரும்ப எண்ணினேன். மூன்று முறையும் நூற்று மூன்றுதான்.

அவர் இந்தப் படத்தை எத்தனை வருடமாக ஃபைலில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டியிருப்பார். ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் தன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

எங்கள் மலரில் படம் போட்டால் கீழே விவரம் அடிக்க வேண்டும். அடித்தேன். அக்காவிடம் காட்டவில்லை. பக்கங்களோடு சேர்த்து ஃபைலில் வைத்துவிட்டேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது. பரீட்சையும் போய்விடும். இருந்தும் அந்தத் தாளை வெளியே எடுக்கக் கை வரவில்லை.

கூட்டத்தன்று அம்மாவும் வந்திருந்தாள். அட்டைப்படம் எடுக்கும்போது பெற்றவளும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தார். நல்ல புடவையை அவளே இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. மேஜைமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பை இருந்தது.

அக்கா வாசிக்கத் தொடங்கினார். லாரி ஆபீஸ்காரர், "சரி." கான்ட்ராக்டர், "சரி, சரி." நர்ஸம்மாவின் இரண்டு வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். "என்னக்கா, ரேஷன்ல வாங்குன மாதிரி இருக்கு," என்றார் லாரி ஆபீஸ்காரர். "உள்ளதத்தான தம்பி சொல்ல முடியும்," என்றார் நர்ஸம்மா.

ஹெச்.எம்.மின் பக்கம் வந்தது. 'ஒரு மாணவரைக்கூட இவர் கைவிட்டதில்லை' என்ற இடத்தில் இரண்டு பேர் மேஜையைத் தட்டினார்கள். அக்கா அதே வேகத்தில் படத்தின் கீழே இருந்ததையும் வாசித்தார். "வகுப்பு தொடங்கியபோது எடுத்த படம். படத்தில் இருக்கும் மாணவர்கள் நூற்று மூன்று பேர். தேர்வு எழுதியவர்கள் தொண்ணூற்று இரண்டு பேர். தேர்வுக்கு முன் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள்..." என்று தொடங்கி, குரல் மெல்ல மெல்ல இறங்க, பெயர்களைப் படித்தார். பத்துப் பெயர் முடிந்து பதினொன்றாவதில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அது என் பெயர்.

"என்னம்மா இது," என்றார் ஹெச்.எம். கோபப்படவில்லை. எழுத்துப் பிழையைக் கண்ட ஆசிரியரின் குரல். "அடிச்சது தப்பு. அத எடுத்துடுங்க."

"எது தப்பு சார்?" என்று நர்ஸம்மா கேட்டார். "எண்ணிக்கையா, பேரா?"

"பழைய கதைய எதுக்கு நோண்டிக்கிட்டு," என்று லாரி ஆபீஸ்காரர் குறுக்கே வந்தார். "எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான. படத்த எடுத்துட்டாப் போச்சு. அடுத்த பக்கம் போங்க."

"இரு தம்பி. பாதியில நின்ன புள்ளைங்களுக்குத் தலைவர் போடப் போறோம். நிக்க வெச்சது யாருன்னு கேக்க வேண்டாமா?" என்றார் நர்ஸம்மா.

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களா விருப்பப்பட்டுப் போனாங்கம்மா. ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் இருக்கு. பெத்தவங்க கையெழுத்தோட."

ஒன்பது பேர் இருக்கிற அறையில் நான் ஒருநாளும் பேசியதில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நீங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன் சார். குடும்பச் சூழ்நிலை காரணமாக, கமா. சொந்த விருப்பத்தின் பேரில்னு நீங்கதான் சொன்னீங்க. ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்னும் சொன்னீங்க. நாலு தடவ வந்தோம்."

நர்ஸம்மா படத்தைத் தன் பக்கம் இழுத்தார். "நீ இதுல எங்கம்மா நிக்கிற?"

மூன்றாவது வரிசையில் ஆறாவது தலையைக் காட்டினேன். ஹெச்.எம்.மும் குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அப்போதும் அவருக்கு என்னைத் தெரியவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இந்தக் குழுவுக்கு இவரத் தலைவராப் போட நான் ஒத்துக்க மாட்டேன்," என்று நர்ஸம்மா அக்காவிடம் சொன்னார். "எழுதிக்க."

அக்கா எழுதவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதினேன்.

ஹெச்.எம். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். படத்தை எடுக்கவில்லை. வாசலைத் தாண்டியதும் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அவரைக் கண்டால் எழுந்து நிற்பது அவள் உடம்பிலேயே ஊறியது. அதைப் பார்த்ததும் என் நெஞ்சு கொதித்தது. உட்காரும்மா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் அவள் வழியை விடவில்லை.

"சார்," என்றாள். "அந்த லெட்டர் இருக்குன்னீங்களே. நான் கையெழுத்துப் போட்டது. அதத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் சுவர் ஓரமாக ஒதுங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.