ஜோசையா குவார்ம்பியின் மிச்ச ஆறு மாதம்

1983 ஆகஸ்ட் 12 அன்று ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் மெல்பர்ன் விமானம் ஏறிய லோர்னா, கடலுக்கு மேலே தேநீருக்குக் கை நீட்டியபோது இருக்கையிலிருந்து இல்லாமல் போனாள். அதே கணம் ஓட்லண்ட்ஸ் ஊருக்கு வடக்கே, கிளாரி பான்டிக் என்பவரின் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில், நடுவயலில் சட்டென்று முடிந்துபோகும் ஒரு பழைய கல்சாலையின் ஓரக் கல்லில், இடுப்பில் இருக்கைப்பட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மெல்பர்னில் அவளுடைய ஒரே மகள் ஜூடித்துக்கு நவம்பரில் தலைப்பிரசவம். “பெட்டி வந்துடுச்சு, நீ எங்கம்மா?” என்று தொலைபேசியில் கேட்டாள். செப்டம்பரில் லோர்னா கப்பலில் போக முயன்றாள். மறுபடி அதே கல், அதே ஆடுகள்.

“அடிக்கடி வர்றீங்க. பேசாம வாடகை குடுத்துடுங்களேன்” என்றார் கிளாரி. அவள் அழுவதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, ஊரில் எல்லோரும் அறிந்த கதையைச் சொன்னார். தேவாலயக் கூரையின் ஈயத் தகட்டைத் திருடி ஏழு வருடத் தண்டனையோடு இங்கிலாந்திலிருந்து இந்தத் தீவுக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்ட ஜோசையா குவார்ம்பி, இந்தச் சாலைக்குக் கல் உடைத்தவன். விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கையில் சுத்தியலைப் போட்டுவிட்டு, ஓர் இடையன் மகளோடு மலையேறிவிட்டான்; சாலை அங்கேயே நின்றுவிட்டது. லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். குவார்ம்பி அவள் பிறந்த வீட்டுப் பெயர். தகப்பன் பெயரோடு பிறந்த ஜூடித் தாண்டிவிட்டாள்; குவார்ம்பி என்று பிறந்தவர் யாரும் ஐந்து தலைமுறையாகத் தீவைத் தாண்டியதில்லை. கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் கிளாரியின் சுத்தியலை வாங்கி ஒரு கல்லை உடைத்தாள். சில்லுகள் தாமாக உருண்டுபோய்ச் சாலையின் முனையில் பதிந்தன. கிளாரி தொப்பியைக் கழற்றிவிட்டு, தேநீர் போடப் போனார்.

ஆனால் லோர்னா சொன்னதை எண்பத்து நான்கு வயது ஈனிட் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. “நாம சொந்தக் காசுல கப்பலேறி வந்தவங்கடி. ஈயம் திருடினவன் வேற குவார்ம்பி.”

“அப்போ நான் ஏன் அத்தை அவன் ரோட்டுல போய் விழறேன்?”

“கண்டதையும் தின்னா அப்படித்தான்.”

லோர்னா தீவு முழுக்கத் தொலைபேசியில் ஆள் திரட்டினாள். அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் தோட்டக்காரர்கள், வங்கி மேலாளர், பாதிரியார், ஒரு போலீஸ்காரர் என்று குவார்ம்பி வழியினர், ஈனிட்டைத் தவிர அத்தனை பேரும், ரொட்டியும் ஆட்டுக்கறியும் பியருமாக வயலில் இறங்கினார்கள். பல வருடம் அடுத்தடுத்த தெருவில் இருந்தவர்கள் அன்றுதான் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்து உறவு கண்டார்கள். “திருட்டு மூஞ்சின்னு என் பொண்டாட்டி சொல்றது சரிதான்” என்று போலீஸ்காரர் சுத்தியலை ஓங்க, வயலே சிரித்தது. ஆறு மாத வேலை அந்த ஒரு பகலில் ஓடியது. மதியத்துக்குள் சாலை ஓடையைத் தாண்டியது. மாலையில் நெடுஞ்சாலையைத் தொட ஒரு பாய் அகலமே பாக்கி. அதற்குமேல் எவ்வளவு உடைத்தும் ஒரு சில்லும் நகரவில்லை. யாரோ ஒருவருடைய பங்கு வரவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

இருட்டுவதற்கு முன் வாடகைக் காரில் ஈனிட் வந்து இறங்கினாள், கையுறையும் தொப்பியுமாக. யாரையும் பார்க்காமல் லோர்னாவிடம் மட்டும் பேசினாள்.

“இருபத்தொரு வயசுல நானும் கப்பலேறினேன். மெல்பர்ன்ல ஒருத்தன் மோதிரத்தோட காத்திருந்தான். இதே கல்லுலதான் வந்து உட்கார்ந்தேன், கல்யாண உடுப்போட. கைதி வம்சம்னு சொன்னா கட்டிக்க மாட்டான்னு, மனசு மாறிட்டேன்னு தந்தி அடிச்சேன்.”

“அத்தை...”

“அழாதே. சுத்தியலக் குடு. கனமாத்தான் வெச்சிருக்கான் பாவி.”

மூன்றாவது அடியில் கல் பிளந்தது. சில்லுகள் உருண்டுபோய் அந்த இடைவெளியில் உட்கார்ந்தன.

நவம்பர் 3 அன்று லோர்னாவும் ஈனிட்டும் மெல்பர்ன் விமானம் ஏறினார்கள். ஜன்னலோர இருக்கையை ஈனிட் கேட்டு வாங்கிக்கொண்டாள். விமானம் பத்து நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது. இருவரும் இறங்கினார்கள்.