தேசம்மா திங்கட்கிழமைகளில் போன இடம்

அம்மாவின் கூந்தலில் ஒட்டியிருந்த மீன் செதிலை ரோஸி நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தபோது, தம்பி ஜான்சன் குனிந்து கிசுகிசுத்தான்.

"யாரு கேட்டாலும் மாரடைப்புன்னு மட்டும் சொல்லுக்கா."

அது பொய்யில்லை. முந்தின நாள் காலை நொச்சிக்குப்பம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தபடியே அம்மா தேசம்மா சாய்ந்து, அப்படியே போய்விட்டாள். ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தவர்கள், கிருமி இருப்பது தெரிந்ததும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல் அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டார்கள். அப்போது இங்கேயும் மருந்து காசுக்குத்தான்; மீன் விற்று வாங்க முடிகிற விலையில்லை. அவர் இறந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தாம்பரம் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தேசம்மா பிழைத்தாள்.

பதினோரு மணிக்கு ரோஜா மாலையோடு உயரமான ஒருவர் வந்தார். பெயர் ஸ்ரீஹரி, மயிலாப்பூர் என்றார். ரோஸியைத் தனியே அழைத்துப் பேசினார்.

"நான் அமெரிக்காவுல இருந்தேம்மா. வேலை போனதும் இன்ஷூரன்ஸும் போச்சு. கைக்காசுல வாங்கணும்னா இந்த மருந்து மாசம் நாலாயிரம் டாலர் கிட்ட. உதவித் திட்டம்லாம் உண்டு, எழுதிப் போட்டுட்டுக் காத்துண்டிருக்கறதுக்குள்ள விசா முடிஞ்சுடுத்து. இங்க வந்தா தாம்பரத்துல சும்மாவே தரா. ஆனா வரிசையில நிக்க வெக்கம். மூணு நாள் கேட்டோட திரும்பிட்டேன். நாலாம் நாள் உங்கம்மா கையைப் பிடிச்சு, 'எனக்குக் கண்ணு தெரியல சார், உள்ள வந்து டோக்கன் நம்பரப் படிச்சு சொல்லு'ன்னா."

"கரைல நின்னுக்கினே கடல்ல போற போட்டு நம்பரப் படிக்குமே எங்கம்மா!"

"அது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது." சிரிக்கப் போனவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி உங்கம்மா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிண்டு போன இன்னும் பத்துப் பேர் தெருமுனையில நிக்கறா. அவா மூலமா உங்கம்மா விஷயம் தெரிஞ்சுடுமோன்னு உள்ள வர மாட்டேங்கறா."

அம்மாவுக்கு மாத்திரை மாசத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் திங்கள்தோறும் கடை போடாமல் தாம்பரம் ரயில் ஏறிப் போவாள். எதற்கென்று ரோஸி கேட்டதே இல்லை.

அவர்களை உள்ளே கூப்பிடப் போவதாக ரோஸி சொன்னதும் ஜான்சன் வாசலை மறித்தான். "வேணாங்க்கா. குப்பம் இன்னா பேசும்?"

"செத்துப்போனவ பேரக் காப்பாத்திக்கினு, அவ காப்பாத்துனவங்கள ரோட்ல நிக்கவெக்கச் சொல்றியா?"

அவன் வாசலிலிருந்து விலகினான். ரோஸி திரும்பி, அம்மாவோடு கடை போட்ட முத்துமாரியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மாக்கு எச்.ஐ.வி. இருந்துச்சு அத்தை. எங்கப்பா காலத்துலேந்து. மாத்திரை சாப்ட்டுக்கினுதான் உங்ககூட மீன் வித்துச்சு."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் நின்றன. ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். முத்துமாரி நகர்ந்து உட்கார்ந்து தேசம்மாவின் பாதத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ரோஸி தெருமுனைக்குப் போனாள். "எங்கம்மா சங்கதிய நான் சொல்லிட்டேன். உங்களுது உங்களோடவே இருக்கட்டும். வர்றதுன்னா வாங்க."

ஹமீதுன்னிசா என்ற வயதான அம்மாள் முதலில் நடந்தாள். பிறகு எல்லோரும்.

மூன்று மணிக்கு மாதா கோயிலுக்குச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். பின்பக்கம் ஒரு தோள் குறைந்தது. ஜான்சன் கூட்டத்தைத் தேடினான்.

"சார், நீ வா."

ஸ்ரீஹரி உயரம். அவர் தோள் கொடுத்ததும் பெட்டி ஒரு பக்கம் ஏறியது. அவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். குப்பத்தைத் தாண்டி, கடற்கரை லூப் ரோடு வரைக்கும் அப்படியே நடந்தார்.