ராமக்காளுக்கு வெந்நீர்

"தண்ணி காஞ்சிருச்சு."

காலையில் சோலை தன் மனைவியிடம் பேசும் முதல் பேச்சு இதுதான். பல நாள் அதுவே கடைசிப் பேச்சாகவும் இருக்கும். இருபத்தெட்டு வருடம் விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்று வேலை பார்த்தவனுக்கு, வாயைத் திறப்பதே வீண் என்று பழகிப் போயிருந்தது.

"இந்தா வாரேங்க," என்பாள் ராமக்காள்.

மதுரை செல்லூரில் சந்துக்குள் வாடகை வீடு. பின்பக்கம் கையகல முற்றம். அதில் மூன்று கல், கல்லின் மேல் ஓர் அலுமினியக் குண்டான். போன கார்த்திகை அடைமழையில் ராமக்காளுக்குச் சளி பிடித்து இரைக்கத் தொடங்கியபோது, பச்சைத் தண்ணீர் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து சோலை ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறான். தறிக்கூடத்திலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்த கழிவு நூலைக் கல்லுக்கிடையில் திணித்துத் தீக்குச்சி கிழிப்பான். பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்த சாய நூல். குப்பென்று பிடிக்கும். கரும்புகை சுவரில் முட்டி, சமையலறை ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு குத்தவைத்து எரிப்பான். விரலை விட்டுச் சூடு பார்ப்பான். பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவுவான். வாளியைக் குளியலறை வாசலில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் கூப்பிடுவான்.

மாசி பிறந்தும் இரைப்பு விடவில்லை. மாடிப்படி பாதி ஏறுவதற்குள் ராமக்காள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோலை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டர் சத்யப்ரியா சின்ன வயசுக்காரர். மூச்சு அளக்கும் குழல் ஒன்றை நீட்டினார்.

"நல்லா ஊதுங்கம்மா, ஒரே மூச்சா. ம்... நூத்தி எழுபது. உங்க உயரத்துக்கு இதுல ரெண்டு பங்கு வரணும்."

"அம்புட்டு வராது கண்ணு. பலூன்கூட ஊதுனது இல்ல நான்."

டாக்டர் சிரித்துவிட்டு சோலையைப் பார்த்தார். "பீடி, சிகரெட் உண்டாய்யா?"

"சத்தியமா கிடையாது."

"வீட்டுல விறகு அடுப்பா?"

"இல்ல டாக்டரம்மா. கேஸு. ரெண்டு பர்னரு."

சோலை பொய் சொல்லவில்லை. சோறு ஆக்குவதுதான் அவனுக்கு அடுப்பு. வெந்நீர் போடும் மூன்று கல்லை அவன் கணக்கில் யாரும் அடுப்பு என்று சொல்வதில்லை. ராமக்காள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"தூசு, புகை ஏதும் இருக்கா உங்க பக்கம்?"

பேசாத மனிதன் அன்றைக்குப் பேசினான்.

"என்ன டாக்டரம்மா இப்படிக் கேக்குறீங்க? ரோட்டைத் தோண்டிப் போட்டு ஆறு மாசமாச்சு, ஒரு பஸ்ஸு போனா எதிர்த்த வீடு தெரியாது. ஆத்தோரம் குப்பையக் கொளுத்துறாய்ங்க. ஆட்டோக்காரன் விடுற புகை ஒருபக்கம். தறியில பறக்குற பஞ்சு என் சட்டையிலயே ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வருது. இதுல எதைன்னு சொல்ல?"

"எல்லாமேதான் காரணம். கண்ணுக்குத் தெரியுற தூசு மூக்கோட நின்னுரும். புகையில இருக்கிற பொடி தெரியாது பாருங்க, அது நுரையீரல் அடி வரைக்கும் போகும். அங்கிருந்து ரத்தத்துல கலக்கும். இப்படியே விட்டா இருதயமும் சேந்து கெட்டுப்போகும். புகையில இருந்து எம்புட்டு தள்ளி இருக்க முடியுமோ, இருங்க. இந்த மருந்தை இப்படி உறிஞ்சணும், காட்டுறேன்."

எழுந்திருக்கும்போது சோலை கேட்டான். "வெந்நீர்ல குளிக்கிறது நல்லதுதான?"

"குளிக்கட்டுமே. இதமா இருக்கும்."

சோலை மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பரீட்சையில் பாஸான பிள்ளை பார்க்கிற பார்வை.

அடுத்த வாரம் சமயநல்லூரில் ராமக்காளின் தங்கை சோணையம்மாள் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். ஆக்கிப் போட ஆள் வேண்டும். ராமக்காள் பத்து நாள் போய் இருந்தாள். நாலுவழிச் சாலையோரத்து வீடு, நாளெல்லாம் லாரி போகும் இடம். அப்படியும் ஐந்தாம் நாள், கட்டிலில் கால்நீட்டிக் கிடந்த சோணையம்மாள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"ஏக்கா, வந்ததுல இருந்து ஒரு காலையிலயாச்சும் உனக்கு இரைச்சுச்சா?"

"இல்லடி."

"இங்க லாரிப் புகை கொஞ்சமா? அதுக்கே இரைக்கலைன்னா அங்க என்னதான் இருக்கு?"

ராமக்காள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியும்போல. மூஞ்சியே சொல்லுது."

"உங்க மச்சான் எனக்கு வெந்நீர் போடுறாரு. கழிவு நூலை எரிச்சு."

"அடப்பாவி! அதைப் போயி எரிப்பாகளா? பிளாஸ்டிக்க எரிக்கிற மாதிரில்ல அது! நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம்."

"சொல்லாம?"

"உனக்கு வாய்ச்சவரு மூச்சுக்கு முந்நூறு தரம் சோணை சோணைங்கிறாரு. உனக்கு எங்கிட்டுப் புரியும்?"

"ஆமா, கூப்புடுறதெல்லாம் காப்பி கேக்கத்தான்," என்றாள் சோணையம்மாள். ஆனாலும் அதற்கு மேல் அக்காளைக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் ராமக்காள் வீடு திரும்பினாள். தறிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் சோலை வீட்டில் இருந்தான். கூடத்தில் இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றில் பாத்திரம் அடுக்கியிருந்தது.

"என்னங்க இது?"

"வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிட்டேன். ஒன்னாந் தேதி காலி பண்றோம்னு."

"காலி பண்ணி?"

"சமயநல்லூருக்குப் போயிருவோம். அங்கன ஒரு குடோனுல வாட்ச்மேன் வேலை இருக்காம். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், இந்த மாசத்தோட தறிக்கு வரலைன்னு."

"வாட்ச்மேனா? நீங்களா? தறிச் சத்தம் இல்லாட்டி ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சோறே இறங்காதே."

"இறங்கும் இறங்கும். பத்து நாளும் போன்ல உன் மூச்சுச் சத்தமே கேக்கல. பேச்சு மட்டும் கேட்டுச்சு. இந்த ஊர்க் காத்து ஆகல புள்ள உனக்கு. ஆகாத இடத்துல உன்னை வச்சுக்கிட்டு நான் தறி ஓட்டி என்ன செய்ய?"

ராமக்காள் பையை இறக்கி வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனிதன் இருபத்தெட்டு வருடத்தை அட்டைப்பெட்டியில் கட்டிவிடுவான்.

"ஊர்க் காத்து மட்டும் இல்லைங்க."

"பெறகு?"

"வெந்நீரு."

"வெந்நீருக்கு என்ன? டாக்டரம்மாவே நல்லதுன்னாங்கல்ல?"

"தண்ணி நல்லதுதான். நீங்க எரிக்கிற நூலுதான் ஆகல. அந்தப் புகை அம்புட்டும் ஜன்னல் வழியா உள்ளதான் வருது. குளிச்சிட்டு வந்து அதுக்குள்ளதான நின்னு நான் காப்பி போடுறேன்."

சோலை எழுந்து முற்றத்துக்குப் போனான். மூன்று கல்லைப் பார்த்தான். கரி படிந்த சுவரைப் பார்த்தான். சுவரிலிருந்து ஜன்னலுக்குக் கையை நீட்டினான். முழங்கை மடங்கும் தூரம்தான்.

அங்கிருந்தே கேட்டான். "எப்பருந்து தெரியும்?"

"தைப் பொங்கல்ல இருந்து சந்தேகம். தங்கச்சி வீட்டுல தெளிவாயிருச்சு."

"டாக்டரம்மா கேட்டப்பக்கூட வாயத் தொறக்கல. நான் கேஸுன்னு சொல்றேன், பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்க."

"நீங்க சொன்னது நெசந்தான. சோறு கேஸுலதான ஆக்குறேன்."

"வெளாடுறியா? ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்களே."

"நிறுத்தத்தான வேணும், கிறுக்கி!"

"அதான் சொல்லல."

சோலை திரும்பி வந்து நிலைப்படியில் நின்றான். ராமக்காள் அவன் முகத்தைப் பார்க்காமல், அட்டைப்பெட்டியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"கல்யாணம் கட்டி முப்பது வருசமாச்சு. சாப்புட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா? பூ வாங்கிட்டு வந்தாக்கூட ஆணியில தொங்கவிட்டுட்டுப் போயிருவீங்க. இந்த மூணு மாசமா காலையில எனக்குன்னு எந்திரிக்கிறீங்க. விரலை விட்டுப் பாக்குறீங்க, சுடுதான்னு. நான் படுத்துக்கிட்டே பாத்திருக்கேன். இரைச்சா இரைச்சுட்டுப் போகுதுன்னு தோணிருச்சு."

சோலை மறுபடி முற்றத்துக்குப் போய் மூன்று கல்லையும் பிரித்து, ஒவ்வொன்றாகச் சந்து முனைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். கழிவு நூல் மூட்டையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"இது எங்கிட்டு?"

"வாங்குன இடத்துலயே குடுத்துட்டு, அப்படியே முதலாளிகிட்டயும் வீட்டுக்காரம்மாகிட்டயும், சொன்னதை மறந்துருங்கன்னு சொல்லிட்டு வாரேன்."

மறுநாளும் ஐந்தரைக்கு அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா முற்றத்தில் நின்றான். ஏழு மணிக்கு ஒரு பழைய தகர டின்னுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, மொட்டைமாடியில் வெயில் விழும் மூலையில் தண்ணீர் நிரப்பி வைத்தான். பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளையில் தறிக்கூடத்திலிருந்து ஓடிவந்து தண்ணீரை மாடியிலிருந்து இறக்கினான். மதுரை வெயிலுக்கு அதை விளாவ வேண்டியிருந்தது.

"மத்தியானம் குளிக்கிற மகாராணி நான் ஒருத்திதான் இந்தச் சந்துல," என்றாள் ராமக்காள்.

அடுத்த தடவை டாக்டர் குழலில் இருநூற்று முப்பது வந்தது. குப்பை கொளுத்துகிற நாளில் இன்னும் இரைத்தது. ரோட்டை இன்னும் மூடவில்லை. என்றாலும் மாடிப்படியை நிற்காமல் ஏற முடிந்தது.

தங்கள் புகை அடங்கிய பிறகுதான் பக்கத்து முற்றத்துப் புகை தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உக்கிரபாண்டி வீடு. அங்கேயும் அதே கழிவு நூல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராமக்காள் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. சோலையின் குரல். யாரிடமும் வலியப்போய்ப் பேசாத அவன், துவைக்கிற கல்லில் ஏறி நின்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த நூலை எரிக்காதீங்கண்ணே. இவளுக்கு நெஞ்சு ஆகல."

"அட, சோலையா பேசுறது! உனக்குப் பேச்சு வருமாடா? பொண்டாட்டிக்கு வக்கீலா வந்திருக்கியா?"

"ஆமாண்ணே."

"நான் எங்க வீட்டுலல்லடா எரிக்கிறேன்."

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். எங்க மாடியில எடம் இருக்கு. உங்களுக்கும் ஒரு டின்னு வச்சுத் தாரேன். உங்க வீட்டுலயும் சின்னப் பிள்ளைக இருக்குல்ல."

"வெயில் ஏறுற வரைக்கும் எவன் காத்திருப்பான்? பிள்ளைக பள்ளிக்கூடம் போக வேணாமா? சரி, பாப்போம் பாப்போம். அம்புட்டு இரைக்குதா தங்கச்சிக்கு?"

ராமக்காள் குழாயை மூடினாள்.

"ராத்திரியில அவ மூச்சு இழுக்கிறதைக் கேட்டுக்கிட்டேதாண்ணே கெடப்பேன். ஒரு இழுப்பு தாமசமானாலும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இப்பதான் நாலு நாளாத் தூங்குறேன்."

"இதையெல்லாம் அவகிட்டச் சொல்லியிருக்கியாடா?"

"அவகிட்ட எப்படிண்ணே சொல்றது?"

"நல்லா இருக்குடா உன் ஞாயம்!"

உக்கிரபாண்டியின் குண்டானுக்கு அடியிலிருந்து ஒரு சுருள் புகை சுவர் ஏறி வந்தது. சோலை திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"ஏ புள்ள, ஜன்னலைச் சாத்து! புகை வருது."

"சாத்துறேங்க," என்றாள் ராமக்காள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு, திறந்த பக்கம் காதைக் கொடுத்து நின்றாள்.