அறுபத்து மூன்று பிரேக்

யதுகிரிக்கு வேகம் பிடிக்கும் என்பது ஸ்ரீபெரும்புதூரில் அவள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், பெயின்ட் ஷாப்பில் குவாலிட்டி இன்ஜினியர். வேலையில் சேர்ந்த நான்காம் வருஷம், யாரோ ஆசையாக வைத்திருந்து மனமில்லாமல் விற்ற சிவப்பு டர்போ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினாள். பார்க்கச் சின்னதுதான், மிதித்தால் பறக்கும்.

சிக்கல், நிறுத்துவதில் வந்தது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், விருப்பமுள்ளவர்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டார்கள். யதுகிரி போனாள். ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் காலை அழுத்தினால், பெடல் இருந்தது, பிரேக் இல்லை. கார் வளைவை மறந்து நேரே மண்ணில் இறங்கி, புழுதியைக் கிளப்பிவிட்டுத் தானாக நின்றது. சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடேறினால் இப்படித்தான் கைவிட்டுவிடும் என்றார்கள். காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. போனது அவள் மானம் மட்டும்தான்.

அத்தனையையும் வேலியோரம் நின்று பார்த்தவன் வசந்த், அவளோடு வேலை செய்பவன். "ரேஸ் பேட் போட்டுடு யது. நெருப்பா கொதிச்சாலும் விடாது" என்றான். இணையத்திலும் நாற்பது பேர் அதையே சொன்னார்கள். வரவழைத்தாள்.

வடக்குப்பட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த டில்லிபாபு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், இது சூடானாதான் புடிக்கும். சில்லுனு கீறப்போ புடிக்காது."

"நான் ட்ராக்குக்குப் போறேனே!"

"வருஷத்துக்கு எத்தினி தபா?"

"ரெண்டு."

"மீதி நாளு?"

யதுகிரி கார் சாவியை நீட்டினாள். "போடுங்க டில்லி" என்றாள். அவனும் அதற்கு மேல் வாதாடாமல் ஜாக்கியை எடுத்தான்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினாள். தெருமுனையில் பெருமாள் புறப்பாடு. முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு வந்த கோஷ்டியில் அவள் அப்பா லக்ஷ்மிநரசிம்மனும் இருந்தார். வழிவிட்டு ஒதுங்கலாம் என்று மெல்லப் பிரேக்கில் காலை வைத்தாள். கார் "க்ரீ...ச்" என்று ஒரு கத்து கத்தியது. கோயில் குதிரை மிரண்டது. கோஷ்டியில் இரண்டு பேர் பாசுரத்தின் அடி மறந்து நின்றார்கள். அன்று சாயங்காலம் அப்பா கோபிக்கவில்லை. "உன் காரும் எங்களோட சேர்ந்து சேவிக்கிறதுடீ, யது. ஸ்ருதிதான் சேரலை" என்று சொல்லிவிட்டு விசிறிக்கொண்டார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை தூறல் போட்டது. வல்லம் தாண்டி, முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய ஆளைக் கண்டு நட்டநடு ரோட்டில் நின்றது. யதுகிரி மிதித்தாள். கார் யோசித்தது. இன்னும் பலமாக மிதித்தாள். கார் இன்னும் கொஞ்சம் யோசித்து, ஆட்டோவின் பின்பக்கத்தை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

ஆட்டோவின் பின் சீட்டில் காலைத் தொங்கவிட்டு, இவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள் ஒரு கம்பெனிப் பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் பாண்டிச்செல்வி என்று இருந்தது. அந்த எழுத்தைப் படிக்கிற தூரத்தில்தான் கார் நின்றிருந்தது. இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு அவள் கத்தினாள்.

"ஏ ஆத்தி! இன்னுங் கொஞ்சம் வந்திருந்தா எம் மடியில உக்காந்திருப்பீகளே!"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். யதுகிரி இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டாள். "பரவால்லக்கா, பாத்துப் போங்க" என்றாள் பாண்டிச்செல்வி. ஆலை வரை யதுகிரி முப்பதுக்கு மேல் போகவில்லை.

சனிக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஸ்ரீபெரும்புதூருக்கு வந்திருந்த டில்லிபாபுவை, தானே ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டாள்.

"இத கழட்டிடுங்க. வேற எது நல்லதுன்னு சொல்லுங்க."

"அத உங்க காலுதான் சொல்லணும்" என்றவன், ரேஸ் பேட் வந்த காலிப் பெட்டியை டேஷ்போர்டிலிருந்து எடுத்து, சட்டைப்பையிலிருந்து மார்க்கரையும் உருவினான். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

அவள் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் பெட்டியில் ஒரு கோடு விழுந்தது. கன்டெய்னர் லாரி திரும்பியது, கோடு. கம்பெனி பஸ் நின்றது, கோடு. ஸ்பீடு பிரேக்கர், எருமை, எதிர்த்திசையில் வந்த பைக், மறுபடி ஸ்பீடு பிரேக்கர். வடக்குப்பட்டில் இறங்கும்போது டில்லிபாபு எண்ணிச் சொன்னான்.

"அறுபத்து மூணு. அதுல ஒண்ணுகூட அறுபது ஸ்பீடுக்கு மேல இல்ல. காரு மட்டுந்தான் மேடம் ஸ்போர்ட்டு. ரோடு எப்பவும்போலதான் கீது."

யதுகிரிக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆலையில் ஒரு கதவில் மணல் அளவு புள்ளி இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள், தன் காருக்கு நாற்பது பேர் பேச்சைக் கேட்டிருக்கிறாள்!

டில்லிபாபு அலமாரியிலிருந்து மூன்று ஜோடியை எடுத்து வைத்தான். இந்த முறை அவள் பெட்டியின் படத்தைப் பார்க்கவில்லை. பேடின் விளிம்பில் அச்சிட்டிருந்த எழுத்துகளைப் பார்த்தாள். கடைசி இரண்டு எழுத்தில் முதலாவது, ஆறியிருக்கும்போது எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. இரண்டாவது, நன்றாகச் சூடேறியபின் எவ்வளவு என்பதற்கு. ஒன்றில் இரண்டுமே சுமார். இன்னொன்றில் சூட்டில் பிடிப்பு குறைந்தது. மூன்றாவதில் இரண்டு இடத்திலும் ஜி, அதாவது நல்ல பிடிப்பு. காலையிலும் பிடிக்கும், கொஞ்சம் விரட்டினாலும் தாங்கும்.

"ட்ராக்ல அஞ்சு ரவுண்டு தாங்குமா?"

"மூணு ரவுண்டு ஓட்டுங்க, ஒரு ரவுண்டு மெதுவா ஆற வுடுங்க. இன்னா, கப்பா வாங்கப் போறீங்க?"

"இல்ல" என்று ஒத்துக்கொண்டாள். டில்லிபாபு டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுசைப் பூட்டினான்.

புது பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். அறுபதில் போய், பத்துக்கு இறக்கி, நிற்காமல் மறுபடி அறுபது. இப்படிப் பத்துத் தடவை. ஞாயிற்றுக்கிழமை காலை வல்லம் வடகால் எஸ்டேட்டில் ரோடு காலியாக இருந்தது. டில்லிபாபு பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கம்பெனி கேட் எதிரில்தான் ஒவ்வொரு முறையும் வேகத்தை இறக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை செக்யூரிட்டி பலராமன் எழுந்து வெளியே வந்தார். நான்காம் முறை கை காட்டினார்.

"இன்னாம்மா வோணும்?"

"நிக்கக் கூடாது சார்!" என்று கத்திக்கொண்டே யதுகிரி போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் கையில் விசில் இருந்தது. "ஏம்மா நிக்கக் கூடாது?"

"பிரேக் செட் ஆவுது!" என்றான் டில்லிபாபு.

அடுத்த முறை: "பிரேக்கு இல்லியா?"

"இருக்கு! புதுசு!"

அதற்கடுத்த முறை: "இருந்தா நிறுத்தேம்மா!"

விஷயம் முழுசாக அவருக்குப் புரிந்தபோது எட்டாவது முறை ஆகியிருந்தது. அதன்பின் அவர் ரோட்டில் இறங்கி, எதிரே வந்த டேங்கர் லாரியை விசிலடித்து நிறுத்தி, இவளுக்கு வழி விட்டார். பத்தாவது முறை சல்யூட்டும் அடித்தார்.

தீய்ந்த வாசனை வந்தது. அது இருக்கும் என்றான் டில்லிபாபு. காற்றில் ஆறட்டும் என்று பத்து நிமிஷம் மெதுவாகச் சுற்றினார்கள். பிறகு நீண்ட நேர் ரோட்டில், முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, யதுகிரி அறுபதில் போய் ஒரே மிதியாக மிதித்தாள்.

கார் யோசிக்கவே இல்லை. சத்தமும் இல்லை. அறைந்தாற்போல நின்றது. டில்லிபாபுவின் செல்போன் சட்டைப்பையிலிருந்து பாய்ந்து முன் கண்ணாடியில் மோதி அவன் காலடியில் விழுந்தது.

"சொல்லிட்டுப் போடக் கூடாதா மேடம்!"

யதுகிரி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ போடட்டுமா?" என்றாள். டில்லிபாபு போனைப் பொறுக்கி பேன்ட் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தான்.

"ம், போடுங்க."