ஞாயிற்றுக்கிழமைக் கொய்யா

அணில் ஏதாவது கடித்திருக்கிறதா என்று நர்சம்மா போனில் கேட்டபோது, தையல்காரி கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து, இல்லாத மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காயைக்கூடத் தொடவில்லை என்று வாய் கூசாமல் சொன்னாள்.

வீட்டைத் தையல்காரிக்கும் அவள் புருஷனுக்கும் விற்றுவிட்டு அண்ணன் மகனின் மாடி வீட்டுக்குப் போனபோது நர்சம்மா பீரோவைக்கூட விட்டுவிட்டுத்தான் போனாள். கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்திலிருந்து அந்தக் கொய்யாவுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தாள். என்றைக்குப் பூத்தது, எந்தக் காற்றில் கிளை ஒடிந்தது, மழை எப்படி, வெயில் எப்படி, எல்லாம் நோயாளியின் காய்ச்சல் அட்டை மாதிரி அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்துச் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறேன் என்றாள். மரத்துக்கும் நலம் விசாரிக்க ஆள் இருக்கிறதே என்று தையல்காரி அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே சாக்கடை அடைத்துக்கொண்டது. வேர் குழாய்க்குள் போய்விட்டது என்றார்கள். அவள் கடையிலிருந்து திரும்புவதற்குள் புருஷன் ஆள் வைத்து மரத்தை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்துவிட்டிருந்தான். அந்த ஞாயிறே சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் நர்சம்மா எடுத்த எடுப்பில், தெற்குக் கிளையில் பூ வந்திருக்கணுமே என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். வந்திருக்கிறது என்று இவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பூ பிஞ்சாக வேண்டியிருந்தது, பிஞ்சு காயாக வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு கொய்யாவைப் பார்த்துப் பார்த்துப் பொய்யை வளர்த்தாள். மழையையும் வெயிலையும் மட்டும் உள்ளபடி சொன்னாள்.

பேச்சு மரத்தோடு நிற்பதில்லை. கழுத்து வலி எப்படி இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று நர்சம்மா கேட்பாள். மற்றவர்கள் எல்லாரும் இவளிடம் கேட்பது துணி தைத்தாச்சா என்பது ஒன்றுதான். மரம் போனது தெரிந்தால் போனும் நின்றுவிடும். அந்தப் பயத்தில்தான் உண்மை தொண்டையோடு நின்றது.

இன்றைக்கு நர்சம்மா, அடுத்த வாரம் நேரில் வரட்டுமா என்றாள். அடுத்த வாரம் நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம் என்றாள் தையல்காரி. நர்சம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைக்கு வெட்டுனீங்க?"

"உங்களுக்கு எப்படிம்மா..."

"நீ சொன்ன மரத்துல எறும்பு இல்ல, புழு இல்ல, ஒரு இலைகூடப் பழுக்கல. நான் எத்தனை பேருக்கு நாடி பிடிச்சவ. உசுரோட இருக்கறது எதையாவது சொல்லி முனகிக்கிட்டேதாம்மா இருக்கும். ரொம்ப நாளா நான், பின்னால அழிக்கத் தோதா, பென்சில்லதான் எழுதிட்டு வர்றேன்."

தையல்காரி அழுதுவிட்டாள். சாக்கடை, புருஷன், பஸ் நிறுத்தத்து மரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தெரிந்த பிறகும் ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்க வந்து, கேட்கவில்லை. நர்சம்மாவும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லம்மா. வெறும் மண்ணுதான். வெயில் வந்து போகும்."

"முன்னெல்லாம் அங்க வெயிலே விழாது." தாள் புரளும் சத்தம் கேட்டது. "எப்ப வருது? எதுவரைக்கும் போகுது?"

அதை அவள் இதுவரை கவனித்ததில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி, மரம் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"இன்னும் இங்க வரலம்மா, சுவரோரமாத்தான் இருக்கு. பாத்துட்டே இருக்கேன், வெச்சிராதீங்க."

"வைக்கல. நீ நில்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் மண்ணில் ஊர்ந்து வந்து அவள் கால்விரலைத் தொட்டது.