பாறையோடு வந்த பூ

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் வீட்டு ஹாலில் பவளம் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி கட்டினார். பம்ப், நீல விளக்கு எல்லாம் பொருத்தி, உப்புத் தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் காத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். பிறகு ஆசை ஆசையாக வாங்கி வைத்த பவளம் பத்தே நாளில் வெளுத்துச் செத்தது.

உள்ளே வைத்த பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பழுப்புப் பூ மட்டும் தளதளவென்று விரிந்தது. அது பூவே இல்லை, பவளத்தைக் கொட்டிக் கொல்லும் களை என்பது அவருக்குத் தெரியும். முழங்கால் வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்த மாமியாருக்குத் தெரியாது. அவர் தினமும் காலையில் அதன் முகத்தில்தான் விழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் களையைக் கொல்ல ஊசியில் வினிகரை ஏற்றிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார்.

"என்ன மாப்பிள்ளை, அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது வந்து, அத்தை..."

"எனக்கும் மூட்டுல இப்படித்தான் போட்டாங்க. உயிரே போயிடுச்சு. பார்த்து, மெதுவா போடுங்க."

மெக்கானிக் கையை வெளியே எடுத்தார். "வேண்டாம் அத்தை. இப்போ நல்லாத்தான் இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மாமியார் ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் பொறுத்திருந்தார். முழங்கால் குணமாகியும் மாமியார் போகவில்லை. களை பதினொன்றாகப் பெருகிவிட்டது. மெக்கானிக் இப்போது படுக்கையறையில் பவளத்துக்கென்று இன்னொரு தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.